வந்து வந்து போகும் மின்கோளாறு: பழைய சரக்கு வேன் வைத்திருப்போர் கவனத்திற்கு

வணிக நண்பர்கள் பலர் கடைச் சரக்கை ஏற்றி இறக்கச் சொந்தமாகச் சிறிய வேன் ஒன்று வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் மண்டிக்குப் போய்க் காய்கறி ஏற்றி வரவும், மொத்தக் கடையிலிருந்து பருப்பு, சீனி, எண்ணெய் டின்களைக் கொண்டு வரவும், மாலையில் ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சப்ளை செய்யவும் அந்த ஒரு வண்டியைத்தான் நம்பியிருக்கிறோம். இவற்றில் மாருதி ஓம்னி நம் கண்ணில் அதிகம் படுகிறது. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988இல் ஓம்னி என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. ஆகவே இன்று ரோட்டில் ஓடும் ஓம்னி எதுவானாலும் பழைய வண்டிதான். அதன் 796 சி.சி. என்ஜின் எளிமையானது, உதிரி பாகமும் கிடைக்கிறது, சாதாரண மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். வண்டிக்காரரைத் தவிக்க விடுவது என்ஜின் அல்ல, ஒயரிங்.

அதிலும் ஒரேயடியாகக் கெட்டுப்போன கோளாறு தொல்லையில்லை. ஹாரன் அடிக்கவே இல்லை என்றால் தேடினால் அரை மணியில் அகப்பட்டுவிடும். காலையில் செல்ப் எடுக்காமல் மக்கர் பண்ணிவிட்டு, மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பியதும் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டிதான் வினையானது. "அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு" என்று அவர் போய்விடுவார். மறுநாள் மேம்பாலத்தின் நடுவில் 10 மூட்டை சரக்குடன் வண்டி நின்றுவிடும்.

கல்லாவில் ஒரு நாள் பணம் குறைகிறது, மறுநாள் சரியாக இருக்கிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? கடைப் பையன்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டுப் புது ஆள் வைப்பதில்லை. எந்தெந்தத் தேதியில் குறைந்தது, அன்று கல்லாவில் யார், எந்த நேரம் என்று பார்க்கிறோம். வேன் விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமையை விட்டுவிடுகிறோம். முதலில் பாட்டரியை மாற்றுகிறோம். போகவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், அதாவது ஒர்க்‌ஷாப்பில் இன்றும் டைனமோ என்று சொல்லப்படுவது. அதுவும் இல்லையென்றால் செல்ப் மோட்டார். மூன்றுக்கும் பணம் கொடுத்த பிறகு கடைசியில் குற்றவாளி துருப்பிடித்த ஒரு போல்ட்டாக இருக்கும்.

முதலில் ஒரு நோட்டு

வண்டியில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போட்டு வையுங்கள். கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் டிரைவர் எழுதட்டும்: தேதி, நேரம், என்ஜின் சூடா குளிர்ச்சியா, மழையா, சரக்கு இருந்ததா, ஹெட்லைட் எரிந்ததா, பள்ளத்தில் குதித்ததா, எந்தப் பக்கம் திரும்பும்போது, பிறகு எப்படிச் சரியானது. ஐந்தாறு பதிவு சேர்ந்தால் கோளாறின் குணம் தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். ஒரு மின் இணைப்பு சில நேரம் மட்டும் அறுபடுகிறது என்றால், அந்தச் சில நேரத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது. மாறக்கூடியவை நான்கே: அசைவு, சூடு, ஈரம், பாரம். பள்ளத்தில் குதிக்கும்போது வருவது லூஸ் காண்டாக்ட், அல்லது உள்ளே அறுந்து தோலால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒயர். இருபது நிமிடம் ஓடிய பிறகு வந்து, ஆறியதும் போய்விட்டால் சூட்டில் விரிந்து விலகும் பொருள்: இக்னிஷன் காயில், ரிலே, பழைய சால்டர் இணைப்பு. மழைக்கு மறுநாள் வருவது ஈரம் ஏறிய சாக்கெட் அல்லது வெடிப்பு விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. இரவில் ஹெட்லைட், வைப்பர், பேன் எல்லாம் ஒன்றாக ஓடும்போது மட்டும் வந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. குறைந்த மின்சாரம் அதில் புகுந்து போய்விடுகிறது, அதிகம் கேட்டால் முடிவதில்லை. ஸ்டியரிங் திருப்பும்போது ஹாரன் தானாக அடித்தாலோ அடிக்காமல் போனாலோ ஸ்டியரிங் தண்டுக்குள் போகும் ஒயரையும் அதன் காண்டாக்ட்டையும் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டும்போது இந்த நோட்டையும் காட்டுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன் அதை முதலில் வாசிப்பார். வாசிக்காமல் நேரே பாட்டரி விலையைச் சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுப்பது நல்லது.

போகும் வழியும் திரும்பும் வழியும்

வீட்டு மின்சாரத்தில் ஒவ்வொரு விளக்கிற்கும் இரண்டு ஒயர் போகிறது. வண்டியில் அப்படியில்லை. பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து பியூஸ், சுவிட்ச் வழியாக ஒரு ஒயர் விளக்கிற்குப் போகிறது. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. பாட்டரியின் நெகட்டிவை உடம்போடும் என்ஜினோடும் பட்டையான கம்பியால் இணைத்திருப்பார்கள். இதைத்தான் எர்த் என்கிறோம்.

கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பாவிட்டால் வியாபாரம் எப்படி நிற்குமோ, அப்படியே எர்த் சரியில்லாவிட்டால் விளக்கும் நிற்கும். போகும் வழிக்கு நல்ல செம்பு ஒயர் இருக்கிறது. திரும்பும் வழி இரும்பு, பெயின்ட், துரு, போல்ட் என்று பல கைமாறுகிறது. எனவே பழைய வண்டியில் சந்தேகம் முதலில் எர்த் மேல்தான் விழ வேண்டும். மெக்கானிக்குகளில் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

எர்த் போனதற்கு அடையாளம் விசித்திரமாக இருக்கும். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரியும். இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு கூடவே கண் சிமிட்டும். தன் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாகச் சுற்றி எர்த்தைத் தேடுகிறது. இதைப் பார்த்தவுடன் சுவிட்சையோ பிளாஷரையோ மாற்றக் கூடாது. பின்விளக்கின் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள துருவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, புது வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அநேகமாகத் தீர்ந்துவிடும். இன்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடிப்பது வேறு கதை. அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று அர்த்தம்.

விளக்கைப் போட்டுச் செல்ப் அடியுங்கள்

காலையில் செல்ப் எடுக்காதபோது எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஹெட்லைட்டைப் போட்டு, கடைச் சுவரில் வெளிச்சம் விழும்படி வைத்துச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு சுத்தமாக அணைந்துபோனால் பாட்டரி மிகவும் இறங்கியிருக்கிறது, அல்லது பாட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை. ஒருமுறை டெர்மினலை அசைத்துவிட்டுத் திரும்ப அடித்ததும் எடுத்தால் டெர்மினல்தான். விளக்கு கொஞ்சம் மங்கி, என்ஜின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பாட்டரி பலவீனம் அல்லது கேபிளில் தடை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று எரிய, செல்ப் மட்டும் பேசாமல் இருந்தால் பாட்டரியைத் தொடவே வேண்டாம்; சாவி சுவிட்சிலிருந்து செல்ப் மோட்டாருக்குப் போகும் சிறிய ஒயரில்தான் தேட வேண்டும். சத்தத்தையும் கேளுங்கள். 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்தால் மின்சாரம் போதவில்லை. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றால் செல்ப்பின் சாலினாய்டு காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

இந்தச் சோதனையை டிரைவருக்கும் கடைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள். புதுப் பாட்டரி வாங்க ஓடுவதற்கு முன் பத்து விநாடி செலவு.

எர்த் கணக்கு

ஒரு சாதாரண மல்டிமீட்டர் பெரிய விலையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். வண்டி வைத்திருக்கும் கடையில் ஒன்று இருக்கட்டும். அதைக்கொண்டு பார்க்க வேண்டிய எண்கள் சில உண்டு.

வண்டி இரவு முழுதும் நின்ற பிறகு பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.5லேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. பெல்ட் தொய்வு, ஆல்டர்னேட்டர் பிரஷ், அதன் பின்புற ஒயர் என்று இந்த வரிசையில் பாருங்கள். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. அந்த வண்டியில்தான் பல்பு அடிக்கடி பொசுங்கும், பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

இதுவரை பலரும் பார்ப்பார்கள். இனிச் சொல்வதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மறுமுனையை என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் தடை இருக்கிறது. அதுபோலவே ஒரு விளக்கை எரியவிட்டு, பாட்டரி நெகட்டிவுக்கும் அந்த விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயக் குமிழுக்கும் அதன் மேல் மாட்டிய கிளாம்ப்புக்கும் நடுவேகூட அளக்கலாம். கண்ணுக்கு இறுக்கமாகத் தெரியும் கிளாம்ப்பிலேயே அரை வோல்ட் தொலைவது உண்டு. உள்ளே வெள்ளைப் படலம் பூத்திருக்கும்.

முக்கியமான விஷயம், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். ஒயரில் 20 இழை இருந்து 19 அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், சும்மா இருக்கும்போது மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். விளக்கைப் போட்டால்தான் அந்த ஒற்றை இழை பாரம் தாங்காமல் வோல்ட் விழும். இதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் மீட்டரைவிட இரண்டு ஒயரில் கட்டிய பல்பையே நம்பினார்கள். பல்பு மின்சாரத்தை இழுத்துப் பார்க்கிறது. மீட்டர் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒன்று மட்டும் எச்சரிக்கை: 2000க்குப் பிறகு வந்த, கம்ப்யூட்டர் பெட்டி உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தப் பெட்டிக்குப் போகும் ஒயர்களில் பல்பை வைக்கக் கூடாது, அவற்றுக்கு மீட்டர்தான்.

சிறு தடை என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு 60 வாட் ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. வழியில் ஒரு சாக்கெட்டில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே 1 வோல்ட் தொலைகிறது. விளக்கின் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். தொலைந்த அந்த 10 வாட்டும் அந்தச் சிறிய சாக்கெட்டுக்குள் சூடாக வெளிப்படுகிறது. பிளாஸ்டிக் பழுத்து இளகுகிறது, காண்டாக்ட் இன்னும் விலகுகிறது, தடை ஏறுகிறது, சூடு ஏறுகிறது. ஹெட்லைட் கால் மணி எரிந்த பிறகு அணைந்து, சிறிது நேரத்தில் தானாக எரிகிறது என்றால் இதுதான் நடக்கிறது. விளக்கு எரியும்போதே சுவிட்சையும் சாக்கெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த வண்டியை அன்று இரவு கோடவுனுக்குள் நிறுத்தாதீர்கள். எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப் பெட்டியும் இருக்கும் இடம் அது.

ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகும் பழைய வண்டிகளுக்கு ஒரு ரிலே போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு. சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டும். பாரத்தை ரிலே தாங்கும். பல்பை அதிக வாட்டுக்கு மாற்றியவர்கள் ரிலேயும் தடித்த ஒயரும் போடாமல் விட்டிருந்தால் பழைய பல்புக்கே திரும்பிவிடுவது மேல்.

உப்பும் எலியும்

மற்றவர் வண்டிக்கு இல்லாத இரண்டு எதிரிகள் மளிகைக்காரர் வேனுக்கு உண்டு.

ஒன்று உப்பு. உப்பு மூட்டை, ஊறுகாய் பீப்பாய், கருவாட்டுக் கூடை ஏற்றும் வண்டியில் தரையில் உப்புநீர் கசிந்து இறங்குகிறது. தகரமும் போல்ட்டும் துருவேறி, பின்பக்கத்து எர்த் முதலில் போகும். உப்பு ஏற்றிய நாளில் தரையை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பது ஒயரிங்குக்கும் சேர்த்துச் செய்யும் பராமரிப்பு. தரையில் தார்ப்பாய் விரித்து ஏற்றினால் இன்னும் நல்லது. மூட்டையை இழுத்துத் தள்ளும்போது உள்பக்கச் சுவரில் பின்விளக்குக்குப் போகும் ஒயர் நசுங்குகிறதா என்றும் பாருங்கள். அங்கே ஒரு பலகை அடித்து மறைப்பது ஒரு மணி நேர வேலை.

மற்றொன்று எலி. கடையை ஒட்டி நிற்கும் வண்டியில் பருப்பும் அரிசியும் சிந்தியிருந்தால் எலி வரத்தான் செய்யும். வந்தால் ஒயரின் தோலைக் கடிக்கத்தான் செய்யும். எலி கடித்த ஒயர் உடனே அறுவதில்லை. தோல் போய்ச் செம்பு வெளியே தெரிந்து, வண்டி குலுங்கும்போது உடம்பைத் தொட்டு, பியூஸ் போகும். மறுபடி பியூஸ் போட்டால் ஒரு வாரம் ஓடும். ஓம்னியில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இரவில் கதகதப்புத் தேடும் எலிக்கு அது வசதியான வீடு. வாரம் ஒருமுறை இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். எலிப் புழுக்கை, சாக்கு நூல், காகிதத் துண்டு தென்பட்டால் பக்கத்து ஒயர்களை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சரக்கு இறக்கியதும் வண்டியைப் பெருக்கிவிடுவதைவிடச் சிறந்த எலிமருந்து இல்லை.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

போன பியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போடுவது பல வண்டிகளில் இன்றும் நடக்கிறது. பியூஸ் போவது தொந்தரவாகத் தெரிகிறது. ஆனால் அது போகாவிட்டால் எரியப்போவது ஒயர் கட்டு முழுவதும். தட்டை வகை பியூசில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் அது பியூஸ் இல்லாததற்குச் சமம்தான்.

எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பியூஸ் பெட்டியையே செலவழிக்க வேண்டியதில்லை. போன பியூசை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளிலும் 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு ஒயர் வைத்து இணையுங்கள். அந்தப் பியூசில் ஓடும் விளக்கு, ஹாரன், மோட்டார் எல்லாவற்றின் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஒயர் நன்றாக இருந்தால் பல்பு எரியாது. எங்கோ உடம்பைத் தொட்டால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். பல்பே தடையாக நிற்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. இப்போது ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் பியூஸ் பெட்டியிலிருந்து தொடங்கி ஒயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போகட்டும். பல்பு எரிவதும் அணைவதுமாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள். தகரத்தில் துளையிட்டு ஒயர் நுழையும் இடம், பின்கதவு தூக்கும் கீல், ஸ்டியரிங்கின் அடிப்பாகம், பின்னால் கூடுதலாகப் போட்ட விளக்கு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் அகப்படும். வந்து வந்து போகும் கோளாறை நம் கண்முன்னே வரவழைக்கும் வழி இது. எத்தனையோ சோதனைகளில் நாம் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அகப்பட்ட இடத்தில் ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்தோ, அளவான லக் வைத்து நசுக்கியோ இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டி, ஆடாமல் கட்டிவிடச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எடுக்காத வண்டி

தினமும் ஓடும்போது ஒன்றுமில்லை. ஒரு நாள் கடை விடுமுறை விட்டால் மறுநாள் செல்ப் எடுப்பதில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். சாவி எடுத்த பிறகும் எங்கோ மின்சாரம் கசிகிறது.

செல்ப் ஒருமுறை 3 விநாடி சுற்றும்போது சுமார் 100 ஆம்பியர் இழுத்தாலும் மொத்தச் செலவு 0.1 ஆம்பியர்-மணிகூட ஆவதில்லை. ஆனால் எரிந்தபடி மறந்துபோன 5 வாட் கூண்டு விளக்கு மணிக்கு 0.4 ஆம்பியர் தின்கிறது. சனிக்கிழமை இரவு 9 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை 32 மணி நேரம். ஏறத்தாழ 13 ஆம்பியர்-மணி போயிற்று. சிறிய வேனின் 35 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதுவும் பழைய பாட்டரியானால் கேட்கவே வேண்டாம். மொத்தமாகப் போவது கண்ணுக்குத் தெரிகிறது, சில்லறையாகப் போவது தெரிவதில்லை என்பது வியாபாரத்தில் நமக்குத் தெரிந்த கதைதானே.

சோதிக்க, எல்லா சுவிட்சையும் அணைத்து, கதவுகளை மூடி, பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் அப்படியிருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது. செல்ப் அடித்தால் மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதிகமிருந்தால் பியூசை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவியதும் எண் இறங்குகிறதோ அந்த வழியில் கசிவு. எல்லாப் பியூசையும் உருவியும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் சந்தேகம் கொள்ளலாம்.

பெரும்பாலும் குற்றவாளி நாமே பின்னால் மாட்டிய பொருளாக இருக்கும். தெருத்தெருவாகக் காய்கறி விற்போர் வைக்கும் ஒலிபெருக்கி, எலக்ட்ரானிக் தராசுக்கான இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர், பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் வெவ்வேறு இடத்தில் ஒயரைச் சீவி இணைத்திருப்பார். ஒலிபெருக்கி 3 ஆம்பியர் எடுத்து 4 மணி நேரம் நின்ற வண்டியில் ஓடினாலே 12 ஆம்பியர்-மணி போய்விடும். பிறகு பாட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே தனிப் பியூஸ், ஒரே தனி சுவிட்சுக்குக் கொண்டு வந்துவிட்டால் இரவில் ஒரு தட்டில் அணைத்துவிடலாம். எல்.பி.ஜி. கிட் பொருத்திய வண்டியில் அதன் ஒயரை நம் விருப்பத்துக்குத் தொடக் கூடாது. கேஸ் வாசனை இருக்கும்போது எந்தச் சோதனையும் செய்யாமல் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சூட்டில் நிற்கும் வண்டி

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் நின்ற அந்த நிமிடமே ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: பிளக்கில் தீப்பொறி வருகிறதா? ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. பொறி இல்லையென்றால் இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர், சாவி சுவிட்ச். பொறி இருந்தும் எடுக்கவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பெட்ரோல் வழியைப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் வெயில் நேரத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதும் இதே குணத்தைக் காட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் நல்ல காயிலை மாற்றுகிறார்கள்.

மழைக்காலத்தில் காலையில் மட்டும் உதைத்து உதைத்து ஓடும் கார்புரேட்டர் வண்டியை இருட்டில் நிறுத்தி என்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள். பிளக் ஒயரைச் சுற்றி நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் அருகில் கொண்டு போகாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை வேனுக்கு ஒரே வருடத்தில் இரண்டு பாட்டரியும் ஒரு செல்ப் மோட்டாரும் மாற்றப்பட்டன. தீபாவளி வாரத்தில் எண்ணெயும் சீனியும் ஏற்றிக்கொண்டு வரும்போது மறுபடி நின்றது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிக் கொண்டு வருவதற்குள் அன்றைய வியாபாரம் பாதி போயிற்று. பிறகு வந்த வயதான எலக்ட்ரீஷியன் செல்ப் அடிக்கச் சொல்லி என்ஜினுக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தார். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. என்ஜின் எர்த் பட்டை வெளியே முழுசாகத் தெரிந்தாலும் லக்குக்குள் இழைகள் பச்சை பூத்து உதிர்ந்திருந்தன. பட்டையை மாற்றியதோடு சரி.

ஆகவே எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், 'மாற்றுவதற்கு முன் எண் என்ன காட்டியது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் அளவையும் எழுதச் சொல்லி, அதை வண்டி நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். கேட்கும் ஆள் என்று தெரிந்தால் அளந்து பார்க்கும் பழக்கம் தானாக வரும்.

ஓடும் என்ஜினில் பாட்டரி கேபிளைக் கழற்றி, 'அணையவில்லை, டைனமோ நல்லாயிருக்கு' என்று சொல்லும் சோதனையை மட்டும் அனுமதிக்க வேண்டாம். பாட்டரி இல்லாத நொடியில் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடையும், இன்ஜெக்‌ஷன் வண்டியானால் கம்ப்யூட்டர் பெட்டியையும் கெடுத்துவிடும். பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுத்து, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பானர் தவறி உடம்பைத் தொட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் ஏறும் பாட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது.

வண்டியின் பெட்டியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு அளவிலும் இரண்டு பியூஸ், ஒரு ஹெட்லைட் பல்பு, ஒரு 21 வாட் பல்பு, அதற்கு இரண்டு முழ ஒயர், டெர்மினலுக்குச் சேரும் ஸ்பானர், கால் தாள் உப்புத்தாள், ஒரு டார்ச். உப்புத்தாளையும் பியூசையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் போட்டு மூடி வைத்தால் ஈரம் ஏறாது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எர்த் போல்ட்டுகளை ஒரு சுற்று கழற்றித் தேய்த்துப் பூட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டு ஆளுக்கு இரண்டு மணி நேர வேலை.